அம்மா ஆறு வருடம் பார்த்த சீரியலை ஒரே ராத்திரியில் நிறுத்திவிட்டார். ஏன்?

#1 நங்கநல்லூர் மாடிவீடு

சீரியல் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ரசிகர் படை வந்து இழையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ராத்திரி ஒன்பது மணி சீரியல். ஆறு வருடமாக ஓடுகிறது. கதாநாயகி சீட்டுப் பிடித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். இவ்வளவு போதும்.

அம்மா முதல் எபிசோடிலிருந்து பார்க்கிறார். ஒரு கூட்டுறவு வங்கியில் 28 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். மாமா பையன் ரிசப்ஷனில் பீடாகூட வாங்காமல் எட்டேகாலுக்கே ஆட்டோ பிடிக்கச் சொன்னவர். கதாநாயகியின் புருஷன் மூன்று முறை மாறினான், அம்மா மாறவில்லை. ஒரு ஆக்சிடென்ட், ஒரு ஞாபக மறதி, ஜெயிலிலிருந்து வந்த ஒரு சித்தப்பா எல்லாவற்றையும் சகித்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை மணி 9.20 இருக்கும். அம்மா மடியில் முறம், முறத்தில் சின்ன வெங்காயம். நான் போனை நோண்டிக்கொண்டிருந்ததால் திரையில் என்ன ஓடியது என்று பார்க்கவில்லை. பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தவர், “நிறுத்துடா” என்றார். விளம்பரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து சத்தத்தைக் குறைத்தேன். “சத்தத்த இல்ல, டிவிய.” முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு எங்கள் ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. கேட்டால் “சலிச்சுப் போச்சு” என்கிறார். ஆறு வருடம் சலிக்காதது அந்த நிமிடத்தில் எப்படிச் சலித்தது?

உங்கள் வீட்டில் யாராவது இப்படி நிறுத்தியிருக்கிறார்களா? நிஜக் காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒன்வே அடையாறு

முதலில் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அதைப் பாருங்கள் சார்.

#3 நங்கநல்லூர் மாடிவீடு

சுகர், பி.பி. எல்லாம் பார்த்தாயிற்று. என்னைவிட நன்றாக இருக்கிறார்.

#4 பெரம்பூர் லோகோ

எல்லோரும் ஆள் மாற்றத்தைத்தான் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கீழே ஒரு வரி ஓடினால் நம் வீட்டுப் பெண்கள் அரை மணி நேரம் திட்டுவார்கள், மறுநாள் புது முகத்தைப் பழைய பெயரால் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்துபோனார். அந்தச் சீரியலே அந்த மனிதரின் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் அத்தை தன் சொந்தக்காரர் போன மாதிரி அழுதார். அப்புறம் வேல ராமமூர்த்தி வந்தார். “அவர் மாதிரி வராது” என்று சொல்லிக்கொண்டே அத்தை 2024-இல் முடிகிறவரை பார்த்தார். பாண்டியன் ஸ்டோர்ஸில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் போனபோதும் இதே கதைதான். சாவால் ஆள் மாறினால் ஜனங்கள் சீரியலைக் குற்றம் சொல்வதில்லை.

சம்பளத் தகராறில் ஆள் மாறினால்தான் கோபம் வரும். அதுவும் ரெண்டு வாரம்.

#5 முடிச்சூர் முழங்கால் தண்ணி

சில நாள் விட்டுப்போனால் பழக்கம் அறுந்துவிடும் என்று ஒரு கட்சி சொல்லும். எங்கள் அனுபவம் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்தது. கரண்ட் வந்த அன்று அம்மா டிவியைப் போட்டால் அதே கல்யாண மண்டபம், அதே மணமேடை, தாலி இன்னும் தட்டில்தான் இருக்கிறது! “நமக்காக வெயிட் பண்ணிருக்காங்க பாரு” என்றார்.

அடுத்த வருடம் டிசம்பரில் வர்தா புயலுக்கும் இதேதான். ஆமை வேகம் என்று நாம் கிண்டல் செய்கிறோம். விட்டுப் பிடிக்கிறவர்களுக்கு அதுதானே வசதி?

#6 ரிமோட் இழந்தவன்

தாலி தட்டில் 😂

#7 ஸ்கிரிப்ட் கூலி

இந்தத் துறையில் இருக்கிறேன், வளசரவாக்கம் பக்கம். பெயர் கேட்காதீர்கள்.

ஜவ்வு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒரு வாரத்துக்கான ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை, உட்கார்ந்து பேசுவோம். அதைச் சேனல் ஓகே செய்ய வேண்டும். அதற்குள் கதாநாயகியின் கால்ஷீட் மாதத்துக்குப் பதினைந்து நாள் என்று பேசியது பன்னிரண்டாகிவிடும். ஷூட்டிங் வீட்டுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், சும்மா விட முடியாது. சீன் பேப்பர் காலையில் ஸ்பாட்டுக்குப் போகும், சில நாள் ஆர்ட்டிஸ்ட் மேக்கப்பில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் போகும். கதாநாயகி பெங்களூருப் பெண், தமிழ் வராது. அசிஸ்டென்ட் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை ப்ராம்ப்ட் செய்ய, அவர் உதட்டை அசைக்க, அப்புறம் வேறொருவர் டப்பிங் பேசுவார். இத்தனைக்கும் நடுவில் நாளைக்கு ஒரு எபிசோடுக்குத் தேவையானது தேறியாக வேண்டும். முன்பு திங்கள் முதல் வெள்ளிவரை இருந்தது, இப்போது பல சீரியல்கள் சனிக்கிழமையும் ஓடுகின்றன. பேங்க்கில், அதாவது முன்கூட்டியே எடுத்துவைத்த கையிருப்பில், எபிசோடு இல்லை என்றால் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

அதனால்தான் ஒருவர் “என்னது!” என்றதும் ஹாலில் நிற்கிற எட்டுப் பேர் முகத்தையும் தனித்தனியாக ஜூம் செய்கிறோம். அழகுக்காக இல்லை, நிமிடத்துக்காக.

வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும். அது ஒரு புள்ளி இறங்கினால் புது டிராக், அதாவது புதுக் கதைக்கிளை, கேட்பார்கள். யார் போனார், ஏன் போனார் என்று அந்த நம்பர் சொல்லாது. நாங்களாக ஒரு காரணம் யூகித்து, வில்லி கையில் விஷ பாட்டிலைக் கொடுப்போம்.

#8 திருவல்லிக்கேணி மெஸ்

அப்படியென்றால் நிமிடம் நிரப்பத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? நல்ல மரியாதை தம்பி.

1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து பார்க்கிறவன் நான். தூர்தர்ஷன் காலத்தில் பாலசந்தர் எடுத்தது வாரத்துக்கு ஒருநாள். அரைமணியில் நாலு பேர் மனசு தெரியும். வேலை நெருக்கடி என்று நீங்கள் சொல்வது சாக்கு.

#9 ஸ்கிரிப்ட் கூலி

ஐயா, கோபப்படாதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 52. நாங்கள் இரண்டே மாதத்தில் அதை எட்டிவிடுகிறோம். சாக்குதான், ஆனால் கனமான சாக்கு.

#10 மயிலை மாடவீதி

எங்கள் பாட்டி விஷயத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. சீரியலை அவர் பார்த்தார் என்பதைவிடக் கேட்டார் என்பதே சரி. கூடவே எதிர்வீட்டு மாமி வந்து உட்காருவார். மாமிக்குக் காது மந்தம். திரையில் யார் வந்தார் என்று மாமி சொல்ல, என்ன பேசினார்கள் என்று பாட்டி திருப்பிச் சொல்ல, இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சீரியலை முழுசாகப் பார்ப்பார்கள். கோலங்கள் 2003-இல் தொடங்கி 2009-இல் முடிந்தது, 1500 எபிசோடுக்கு மேல். அவ்வளவையும் இப்படியேதான். கதாநாயகி அபி நல்ல புடவை கட்டியிருக்கிறாளா என்று பாட்டி கேட்பார். மாமி நிறத்தைச் சொல்வார். வில்லன் ஆதி வந்தால் மாமி “வந்துட்டான்” என்று மட்டும் சொல்வார், பெயர்கூடச் சொல்ல மாட்டார். விளம்பரத்தில் இரண்டு வீட்டு மருமகள்களும் அலசப்படுவார்கள். என் அம்மா அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகப் போடுவார்.

அப்புறம் மாமியை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்போது வேறொரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல கட்டம் வேறு. நாலு நாள் பாட்டி தனியாகக் கேட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு நிறம் சொல்லச் சொன்னார். நான் “ஏதோ பச்சை” என்றேன். ஏதோ பச்சையா, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா என்று கேட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே “பச்சைதான் பாட்டி” என்றேன். அதற்கப்புறம் டிவி போடச் சொல்லவே இல்லை.

சீரியலில் அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அம்மாவுடன் யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

#11 நங்கநல்லூர் மாடிவீடு

இதைப் படித்துக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

#12 கொரட்டூர் டிஷ்

2019-இல் சேனலுக்குச் சேனல் காசு என்று புது விதி வந்ததல்லவா, 130 ரூபாயும் வரியும் கட்டினால் 100 சேனல், மற்றவை தனி என்று. பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கும்போது அப்பா கோபத்தில் ஒரு சேனலை விட்டுவிட்டார். அதில்தான் அக்காவின் சீரியல். ஒரு வாரம் வீட்டில் போர். இரண்டாவது வாரம் அக்கா கோலப் புத்தகம் வாங்கிவந்தாள். அவ்வளவுதான், முடிந்தது.

#13 ப்ரோமோ போதும்

நான் எதையும் நிறுத்தவில்லை. ப்ரோமோ மட்டும் பார்க்கிறேன். வாரத்துக்கு ஆறு நிமிடத்தில் எல்லாக் கதையும் தெரியும். ப்ரோமோவில் அறைவது போல் காட்டினால் எபிசோடில் அது கனவு. இதற்கு எதற்கு அரை மணி நேரம்?

#14 பெரம்பூர் லோகோ

கனவு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் டாலஸ் என்று ஒரு தொடர், 1978 முதல் 1991 வரை ஓடியது. அதில் பாபி என்கிற பாத்திரம் 1985-இல் செத்துப்போனான். 1986-இல் நடிகர் திரும்பிவர ஒத்துக்கொண்டார். எப்படிக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? அவனுடைய முன்னாள் மனைவி காலையில் எழுந்தால் அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு வருடம் ஓடிய கதை அவ்வளவும் அவள் கண்ட கனவு! அதற்கப்புறமும் சில வருடம் ஓட்டினார்கள். நம்மாட்களை மட்டும் திட்டாதீர்கள்.

#15 ரிமோட் இழந்தவன்

நம்ம ஊர் டைரக்டர் யாரும் இதைப் படிக்கக் கூடாது சாமி.

#16 நங்கநல்லூர் மாடிவீடு

தெரிந்துவிட்டது.

மயிலைக்காரர் எழுதியதைப் படித்தபின் நேற்று போனை உள்ளே வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஆய்ந்தேன். காம்போடு போடுகிறேன் என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். “சீரியல் போடட்டுமா, நானும் பார்க்கிறேன்” என்றேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார்.

“அவ படிக்காம கையெழுத்துப் போட்டாடா.”

யார் என்று கேட்டேன். கதாநாயகியாம். அந்தச் செவ்வாய்க்கிழமை எபிசோடில் கொழுந்தன் ஒரு பேப்பரை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து அண்ணி” என்கிறான். வெற்று ஸ்டாம்ப் பேப்பர். இவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.

“முதல் வருஷம் ஞாபகமிருக்கா உனக்கு? சீட்டுக் கணக்குல நாற்பது ரூபா இடிக்குதுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்தவ அவ. மாமனார் நீட்டின பேப்பரையே படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொன்னவ. அதுக்கு அறை வாங்கினா. அன்னிக்கு எனக்கு அவளைப் பிடிச்சது. ஆறு வருஷம் அவளுக்காகத்தான் பார்த்தேன். இது அவ இல்ல. யாரோ.”

இருபத்தெட்டு வருடம் கவுன்ட்டரில் இருந்தவர். நகைக்கடனுக்கு வருகிற பெண்களிடம் “என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடும்மா” என்று சொல்லிச் சொல்லி, மேனேஜரிடம் ‘க்யூ நிக்குது’ என்று திட்டு வாங்கியவர். இதை அம்மா அடிக்கடி சொல்வார். நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

#17 மயிலை மாடவீதி

ஆஹா.

#18 சைதாப்பேட்டை பத்திரம்

பத்திர எழுத்தர் வேலை எனக்கு, அதனால் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். இந்த வெற்றுப் பேப்பர் சீனை எத்தனை சீரியலில் பார்த்துவிட்டேன்! ஒரு கையெழுத்தில் வீடு போய்விடுமாம். நிலம், வீடு விற்றால் பதிவு கட்டாயம். கிரயம் எழுதிக்கொடுக்கிறவர் சார்பதிவாளர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும், ஃபோட்டோ, கைரேகை வேண்டும். வேறொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால் அதற்கு வேறு நடைமுறை. கொழுந்தன் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவோம்.

அதற்காக வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் பத்திரமாக்கி இழுத்தடிக்க முடியும்.

#19 ஸ்கிரிப்ட் கூலி

அந்த சீன் நான் எழுதியதில்லை. ஆனால் அதேபோல நாலைந்து எழுதியிருக்கிறேன், மறைப்பானேன்.

எப்படி நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். கொழுந்தன் டிராக் திங்கட்கிழமை தொடங்கியாக வேண்டும். கதாநாயகியை நியாயமாக ஏமாற்ற வேண்டும் என்றால் அவள் நம்புகிற ஒருத்தரை அவன் முதலில் வளைக்க வேண்டும், ஒரு அவசரத்தை உண்டாக்க வேண்டும். ஏழெட்டு சீன் ஆகும். அந்த வாரம் அந்தப் பெண்ணின் கால்ஷீட் இரண்டே நாள் இருந்திருக்கும். யாராவது ஒரு அசிஸ்டென்ட் “சார், அவ படிச்சுட்டுத்தானே போடுவா” என்று கேட்டிருப்பான். “ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கப்பா” என்று பதில் வந்திருக்கும். அப்படிக் கேட்ட அசிஸ்டென்டாக நான் இருந்திருக்கிறேன். இப்போது அந்தப் பதிலைச் சொல்கிற இடத்தில் இருக்கிறேன்.

#20 ஒன்வே அடையாறு

ஒரு சந்தேகம். என் மாமியார் இதேபோல ஒரு கையெழுத்து சீனுக்கு அப்புறம்தான் சீரியலை விடாமல் பார்க்க ஆரம்பித்தார், இவள் சொத்தை எப்படி மீட்கிறாள் பார்க்கலாம் என்று. எல்லோருக்கும் உங்கள் அம்மா கணக்குப் பொருந்துமா?

அதோடு, நிஜத்திலும் படித்தவர்கள் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். என் பெரியப்பா ஆடிட்டர். தம்பி கேட்டாரே என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏழு வருடம் அலைந்தார்.

#21 திருவல்லிக்கேணி மெஸ்

மேடம் சொல்வது நியாயம். மனுஷன் ஒரே மாதிரியா இருக்கிறான்? கல்லா ஓரத்தில் ஐம்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ஒரு ரூபாய் சில்லறைக்குச் சண்டை போட்டவர் மறுநாள் பர்ஸையே விட்டுவிட்டுப் போவார்.

#22 நங்கநல்லூர் மாடிவீடு

இரண்டு பேர் சொன்னதையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“போடவே மாட்டான்னு நான் சொல்லல. அந்த ஆடிட்டர் தம்பி மேல வச்ச பாசத்துல போட்டார், சரி. இவ எதுக்குப் போட்டா? பொண்ணுக்கு ஜுரம், ரெண்டு ராத்திரி தூங்கலன்னு ஒரு வார்த்தை வச்சிருந்தா நானே ‘ஐயோ பாவம்’னு அழுதிருப்பேன். ஒரு வார்த்தை. அதுக்குக்கூடவா நேரம் இல்ல?”

ஆமாம், அவள் புருஷன் மூன்று முறை மாறியதைச் சகித்துக்கொண்டது எப்படி என்றும் கேட்டேன். “அது அவன் மூஞ்சிதானே” என்றார்.

#23 பெரம்பூர் லோகோ

‘அது அவன் மூஞ்சிதானே.’ அம்மாவுக்கு ஒரு கும்பிடு. மெட்டி ஒலியை 2020 லாக்டவுனில் மறுபடி போட்டபோது எங்கள் வீட்டில் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஷூட்டிங் நின்று போனதால் பழையதை எடுத்துப் போட்டார்கள், அதுவும் 2002-இல் தொடங்கிய சீரியல், கதை எல்லாம் மனப்பாடம். அடுத்தது என்ன என்று தெரிந்தும் ஏன் பார்த்தோம் என்று அப்போது புரியவில்லை. அதில் வருகிற அப்பா சிதம்பரம் என்ன கஷ்டம் வந்தாலும் சிதம்பரம் மாதிரியேதான் அழுவார், ஐந்து பெண்களும் ஐந்து விதமாகத்தான் பதில் பேசுவார்கள். நடுவில் ஜவ்வு இருந்ததா? நிறைய இருந்தது.

#24 ப்ரோமோ போதும்

அம்மா சொன்ன எபிசோடைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். (சீரியல் எது என்று கண்டுபிடித்துவிட்டேன், சொல்ல மாட்டேன்.) கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அடுப்பில் பால்கூடப் பொங்கவில்லை. பொங்கியிருந்தாலாவது அவசரம் என்று நினைத்திருக்கலாம். காலி பாத்திரம்தான் வைத்திருக்கிறார்கள்.

#25 ஸ்கிரிப்ட் கூலி

ஸ்பாட்டில் கேஸ் சிலிண்டர் இருக்காது. அதை விடுங்கள்.

#26 நங்கநல்லூர் மாடிவீடு

கடைசியாக ஒன்று. நேற்று ஒன்பதேகால் மணிக்கு எதிர் ஃபிளாட்டில் அதே சீரியல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் ஏதோ சிரித்தான். அம்மா கேட்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என்னிடம், “அந்த ஸ்டாம்ப் பேப்பர் என்னைக்கு வாங்கினதுன்னு அதுலயே போட்டிருக்கும். உள்ளே எழுதப் போற தேதி அதுக்கு முன்னாடின்னா அவன் மாட்டிக்குவான். அவளுக்கு இது தெரியணுமே” என்றார்.

டிவி போடட்டுமா என்றேன். முறைத்தார்.

#27 சைதாப்பேட்டை பத்திரம்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. முதலில் பார்க்க வேண்டியதே அந்தத் தேதியைத்தான்.

#28 ஸ்கிரிப்ட் கூலி

சார், அந்தத் தேதி விஷயத்தை வேறொரு கதைக்கு எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

#29 நங்கநல்லூர் மாடிவீடு

கேட்டேன். எடுத்துக்கொள்ளலாமாம். எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துக் காட்ட வேண்டுமாம்.